காளை அப்பாவைச் சுவரோடு நெருக்கியது, கன்று போட்ட பசு உதைக்கிறது: இரண்டையும் விற்றுவிடலாமா?

கேள்வி: பாகூர் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. மூன்று கறவை, ஒரு ஜெர்சி கலப்புக் காளை. காளைக்கு இரண்டரை வயது. தாய் செத்துப்போனதால் அப்பாதான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். போன வாரம் வைக்கோல் போடப் போனவரைச் சுவரோடு வைத்து நெருக்கிவிட்டது. விலா எலும்பில் விரிசல். அதே கொட்டகையில் ஒரு பசு இரண்டாவது கன்று போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தலைச்சனுக்குச் சாதுவாகப் பால் கொடுத்த மாடு, இப்போது கறக்க உட்கார்ந்தால் உதைக்கிறது. கன்றுக்குட்டி கிட்டே நாங்கள் போனால் முட்ட வருகிறது. "நான் தூக்கி வளர்த்த பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டது" என்று அப்பா காளையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். இரண்டையும் விற்றுவிடலாமா ஐயா?

பதில்: பசுவை விற்காதீர்கள். காளையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று சரியாகிவிடக் கூடியது, இன்னொன்று இனிமேல் கூடிக்கொண்டே போவது.

அப்பாவுக்கு மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விலா விரிசல் தானே என்று விட்டுவிட வேண்டாம்.

இப்போது காளை. அப்பா சொன்ன "நான் தூக்கி வளர்த்த பிள்ளை" என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. மந்தையில் வளரும் காளைக்கன்று மற்றக் கன்றுகளோடு முட்டி மோதி, தன் இனம் எது, யாருக்கு அடங்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். புட்டிப்பாலில் தனியாக வளர்ந்த கன்றுக்கு மனிதன்தான் கூட்டாளி. வயதுக்கு வந்ததும் தன் பலத்தை அந்தக் கூட்டாளியிடம்தான் காட்டும். அமெரிக்காவில் ஹெர்ஃபோர்டு இனக் காளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 1990இல் வெளியானது. பிறந்த சில நாளிலிருந்து தனித்தனியாக அடைத்து வளர்த்தவற்றில் 75 சதவீதம் ஆளை மிரட்டின. அதேபோல் மனிதர் கையால் பால் குடித்து, ஆனால் கூட்டமாக வளர்ந்தவற்றில் 11 சதவீதம்தான். புட்டிப்பால் கொடுத்தது தப்பில்லை, தனியாக வளர்த்ததுதான் வினை. போதாக்குறைக்கு இது ஜெர்சி ரத்தம். ஜெர்சிப் பசு எவ்வளவு சாதுவோ, காளை அவ்வளவுக்கு நம்ப முடியாதது.

இன்னொன்று கேட்கிறேன், வீட்டில் விசாரித்துப் பாருங்கள். அது கன்றாக இருக்கும்போது பிள்ளைகள் நெற்றியில் கையை வைத்துத் தள்ளி விளையாடினார்களா? நான் பார்த்த முட்டுகிற காளைகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். கன்று தலையைக் குனிந்து தள்ளும், பிள்ளை சிரித்துக்கொண்டே பின்வாங்கும். முட்டினால் ஆள் பின்னால் போவான் என்று அன்றைக்கே அது படித்துவிட்டது. முப்பது கிலோ கன்று செய்தபோது வேடிக்கை. நானூறு கிலோ ஆனதும் அதையேதான் உங்கள் அப்பாவிடம் செய்திருக்கிறது. கன்றைக் கொஞ்ச ஆசைப்பட்டால் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் சொறிந்துவிடுங்கள். நெற்றியைத் தொடவே கூடாது.

விற்கும் வரைக்கும் அது உங்கள் கொட்டகையில்தானே இருக்கும்? காளை சொல்லிவிட்டுத்தான் முட்டும், நாம்தான் கவனிப்பதில்லை. நேராகப் பார்க்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகை வில்லாக வளைத்து, "பார் என் அளவை" என்று நிற்கும். கண் பிதுங்கும். தலை தாழும். காலால் மண்ணை வாரி முதுகில் போடும், கொம்பால் மேட்டைக் குத்தும். பக்கவாட்டில் நிற்பதைப் பார்த்து "நம்மைச் சட்டை பண்ணவில்லை" என்று நினைத்துக் கிட்டே போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அந்த நிலையில் முதுகைக் காட்டி ஓடாதீர்கள், குச்சியால் முகத்தில் அடிக்காதீர்கள். அடி விழுந்தால் அது சண்டைக்கு அழைத்த மாதிரி. அதன் மேல் கண்ணை வைத்தபடி மெதுவாகப் பின்வாங்கி வேலியைப் பிடியுங்கள். மீறிப் பாய்ந்து வந்தால் தோளில் கிடக்கும் துண்டை அதன் முகத்துக்கு நேரே வீசிவிட்டு பக்கவாட்டில் விலகுங்கள். சிவப்புத் துண்டா வெள்ளைத் துண்டா என்பதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மாட்டுக் கண்ணுக்குச் சிவப்பு தனியாகத் தெரியாது, அசைவுதான் தெரியும்.

உள்ளே போகாமலே தீனி போட வழி செய்யுங்கள். தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் பாதி வெளியே இருக்கும்படி வைத்தால் போதும். அப்பா சிக்கியது சுவருக்கும் காளைக்கும் நடுவில், தப்ப இடமே இல்லாமல். தடுப்பில் 14லிருந்து 16 அங்குல அகலத்துக்கு ஒரு சந்து விடுங்கள். ஆள் பக்கவாட்டில் நுழைந்து போய்விடலாம், காளையின் தோள் நுழையாது. இரண்டு இரும்புக் குழாயை நட்டால் ஆகிற வேலை. இந்தச் சந்து இல்லாத கொட்டகைக்குள் காளை இருக்கும்போது யாரும் தனியாகப் போகக் கூடாது.

மூக்கணாங்கயிறு ஓட்டிப்போக மட்டும்தான். அதிலேயே முளையில் கட்டி வைத்தால், ஒரு நாள் மிரண்டு இழுக்கும்போது மூக்குத் தண்டு கிழியும், அதோடு உங்கள் பிடியும் போயிற்று. கட்டுவதற்குத் தலைக்கயிறு. இற்றுப்போயிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள். வெளியே கொண்டுபோனால் மூக்கணாங்கயிற்றில் இரண்டு நீளக் கயிறு கட்டி, இடம் ஒருவர் வலம் ஒருவர் பிடிக்க வேண்டும். வண்டி ஏற்றும் நாளில் பழகிய பசு ஒன்றை முன்னால் ஏற்றுங்கள். இது தானாகப் பின்னால் போகும், அடித்து ஏற்ற வேண்டியிருக்காது.

கொம்பைச் சீவிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். குத்துக்காயம் குறையும், குணம் குறையாது. அப்பாவை நெருக்கியது கொம்பில்லை, நெற்றியும் தோளும். காயடிப்பது? ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் செய்திருந்தால் நல்ல பலன். இப்போது செய்தாலும் வேகம் தணியும், ஆனால் பல வாரம் ஆகும், பழகிய முட்டுப் பழக்கம் முழுசாகப் போகும் என்று எழுதித் தர மாட்டேன். மூன்று கறவைக்கு ஒரு பொலிகாளை எதற்கு? அரசு கால்நடை மருத்துவமனையில் சினை ஊசி இருக்கிறது. மாடு காலையில் பருவத்துக்கு வந்தால் மாலையில், மாலையில் வந்தால் மறுநாள் காலையில் போட்டுவிடலாம். விற்கும்போது முட்டுகிற மாடு என்று சொல்லியே விற்றுவிடுங்கள். விலை குறையும், குறையட்டும். சொல்லாமல் விற்றால் இன்னொரு வீட்டுச் சுவரில் இன்னொரு பெரியவர்.

பசுவுக்கு வருகிறேன். சாது மாடு திடீரென்று சீறினால் முதலில் நான் கேட்பது, இரண்டு மூன்று மாதத்துக்குள் நாய் கடித்ததா என்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெட்டப்பாக்கம் பக்கம், தொண்டையில் பனங்கொட்டை சிக்கியிருக்கிறது என்று ஒரு மாட்டைக் காட்டினார்கள். எச்சில் ஒழுகியது, குரல் கம்மிப்போய் ஒரு மாதிரி கத்தியது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன், கொட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலாம் நாள் மாடு செத்தது. வெறிநோய். எனக்கும் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தடுப்பூசி. அன்றிலிருந்து எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் கையுறை இல்லாமல் கை வைப்பதில்லை. உங்கள் பசுவுக்கு அது இல்லை என்றே நினைக்கிறேன். அறிகுறி தொடங்கினால் பத்து நாளுக்குள் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். உங்களுடையது கன்று போட்டதிலிருந்தே உதைக்கிறது என்றால், பன்னிரண்டாம் நாளிலும் தெம்போடு நிற்கிறது. தீனியை நிறுத்தினாலோ, குரல் மாறினாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ பாலை யாரும் தொடாமல் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள். குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்குத் தூரமில்லை.

அது இல்லையென்றால் வலி. முதல் பீய்ச்சலை ஒரு கருப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரி திரியாகத் தெரிந்தால் மடிநோய். காம்பில் வெடிப்போ கன்றின் பல் பட்ட காயமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கறப்பவர் கையையும் பாருங்கள். கட்டைவிரலை மடக்கி, அதன் முட்டியால் காம்பை நசுக்கிக் கறக்கும் வழக்கம் நம் பக்கம் நிறைய. பால் சீக்கிரம் இறங்கும், காம்பு புண்ணாகும். ஐந்து விரலும் சுற்றிப் பிடித்து உள்ளங்கையில் அமுக்கிக் கறக்கச் சொல்லுங்கள். நகம் வெட்டியிருக்கட்டும். மூச்சில் ஒருவித இனிப்பு வாடை அடித்து, மாடு சுவரை, தன் உடம்பை விடாமல் நக்கினால் அது வேறு நோய். கன்று போட்ட முதல் சில வாரங்களில் நல்ல கறவைக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வருவது. டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகும்.

இது எதுவும் இல்லாவிட்டால் வெறும் தாய்ப்பாசம்தான். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் நிற்காதீர்கள், நாயைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். கன்றைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் கட்டிவிட்டு, தினம் ஒரே ஆள், ஒரே பக்கம் உட்கார்ந்து கறக்கட்டும். நேர் பின்னாலிருந்து போகக் கூடாது, அங்கே அதற்குக் கண் தெரியாது. குரல் கொடுத்துக்கொண்டே தோளில் கை வைத்து, முதுகைத் தடவியபடி மடிக்கு வர வேண்டும். மாட்டின் பின்னங்கால் முன்னால் வந்து வெளிப்பக்கம் வீசும். ஓரடி ஈரடி தள்ளி நின்றால்தான் உதையின் முழு வேகமும் விழும். ஒட்டி உட்காருங்கள், அல்லது எட்டாத தூரத்தில் நில்லுங்கள். கொஞ்ச நாளைக்குப் பின்னங்கால்களைச் சேர்த்து அணைகயிறு போட்டுக் கறக்கலாம், ஆனால் முட்டிக்கு மேல், இழுத்தால் அவிழும் முடிச்சு. மருந்து தடவும்போது இன்னொருவர் வால் அடியைப் பிடித்து நேராக மேலே தூக்கிப் பிடித்தால் உதைக்காது. வால் நுனியை முறுக்க வேண்டாம், ஒடிந்துவிடும். பால் இறங்க யாராவது ஊசி போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்தும் உதைத்தால் மறுபடி எழுதுங்கள். கறப்பவர் எந்தப் பக்கம் உட்காருகிறார், கட்டைவிரலை எங்கே வைக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.