ரோஸ்மேரி எண்ணெயின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் எந்தப் பருவத்தில் மிகும்?
பூக்கும் முன் அறுப்பதா, பூத்தபின் அறுப்பதா என்பது கேள்வி. இலையின் சுரப்பி மயிர்களில் சேரும் இந்த எண்ணெயில் 1,8-சினியோல், ஆல்பா-பைனீன், கற்பூரம், போர்னியோல் ஆகிய மணப்பொருள்களின் விகிதம், செடி தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் பருவங்களுக்கேற்ப மாறுவதால், ஆக்சிஜனால் பொருள்கள் கெடுவதைத் தடுக்கும் அதன் திறனும் மாறுகிறது. செடியின் வகை, மண், வெயில் ஆகியனவும் குறுக்கிடுவதால், ஒரே பருவத்தை எல்லா இடத்துக்கும் விதியாக்குவது சரியன்று என்பது என் கருத்து.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு: ரோஸ்மேரியின் வலிமைமிக்க தடுப்பான்களான கார்னோசிக் அமிலமும் ரோஸ்மரினிக் அமிலமும் எளிதில் ஆவியாகாதவை, ஆகவே நீராவியில் வடிக்கும்போது அவை எண்ணெயோடு வருவதில்லை. கார்னோசிக் அமிலம் இளம் இலைகளில் மிகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இ392 என்ற எண்ணுடன் உணவு கெடாமல் காக்கச் சேர்க்கப்படுவதும் வாசனை எண்ணெய் அன்று, கார்னோசிக் அமிலம் நிறைந்த, இலையிலிருந்து பிரித்தெடுத்த சாரமே.