நில் ரிப்போர்ட்: வாசகர் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

கேள்வி: என் மகள் கிராம சுகாதாரச் செவிலியர். போலியோ சந்தேகத்தில் ஒரு குழந்தைகூட வராத வாரத்திலும் ‘நில்’ (ஆங்கிலத்தில் ‘ஒன்றுமில்லை’) என்று எழுதி அனுப்ப வேண்டுமாம். இல்லாத நோய்க்கு எதற்கு ரிப்போர்ட்? (வாசகி, அரூர்)

பதில்: இதே கேள்வியை நானும் கேட்டவன்தான் அம்மா. 1999இல் எனக்கு ஜவ்வாது மலையில் வேலை. 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கை, கால் துவண்டுபோனால் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ‘நில்’. ஜமுனாமரத்தூர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே வாராவாரம் நில் போட்டேன். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும்.

ஒருநாள் கண்காணிப்பு மருத்துவர் ஜீப்பில் வந்து இறங்கினார். திட்டவில்லை. தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டார். போலியோவே இல்லாத ஊரிலும் கில்லன் பாரே என்கிற நரம்பு நோய் மாதிரி வேறு காரணங்களால் லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருவருக்காவது கால் துவளும். ஆறு லட்சம் பிள்ளைகள் உள்ள மாவட்டமென்றால் ஆறு கேஸ் வந்தே தீர வேண்டும். வரவில்லையா, யாரும் போய்ப் பார்க்கவில்லை. போலியோவைப் பிடிக்க, போலியோ அல்லாததை எண்ணுவது! இத்தனை கெட்டிக்காரத்தனமான கணக்கை வேறெந்த இலாகாவிலும் நான் பார்த்ததில்லை.

அவர் என்னை அழைத்துக்கொண்டு நேராகப் போனது ஆஸ்பத்திரிக்கு இல்லை. எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒரு பாட்டி வீட்டுக்கு. “பத்து நாளா ஒரு பையனுக்கு நீவிக்கிட்டிருக்கேனே, நீங்க கேக்கவே இல்லியே” என்றது பாட்டி. எனக்கு முகம் செத்துவிட்டது.

கால் விழுந்து 14 நாளுக்குள் மலம் எடுக்க வேண்டும், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, கட்டைவிரல் அளவு. அன்று பதினோராம் நாள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போளூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். “என்ன சார், மீனா?” என்றார் கண்டக்டர். ஆமாம் என்றுவிட்டேன். சொட்டு மருந்து ஐஸில் மலையேறி வரும். இது ஐஸில் மலையிறங்கிக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகும். சோதனையில் போலியோ இல்லை. அறுபதாம் நாள் காலைப் பார்த்துவர வேண்டுமென்பது விதி. நான் போனபோது பையன் புளியமரத்தில் இருந்தான்.

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததென்ற சான்றிதழ் கிடைத்தது. நடுவில் மூன்று வருட ‘நில்’லை வெறும் வாய்வார்த்தையென்று யாரும் தள்ள முடியவில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மலத்தைச் சோதித்து, இல்லையென்று பார்த்து எழுதிய நில் அது. உங்கள் மகளை ஊரில் நீவிவிடுகிறவர், மந்திரிக்கிறவர், மருந்துக்கடைக்காரர் மூவரிடமும் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியது மூன்று மாதம் யாருக்குமே தெரியவில்லை என்று படித்தேன். அதெப்படி? (கல்லூரி மாணவர், சிவகாசி)

பதில்: காய்ச்சல், வாந்தி, பேதி. கினி நாட்டுக் காட்டோரக் கிராமத்தில் இந்த மூன்றும் வந்தால் மலேரியா என்பார்கள், காலரா என்பார்கள், லாசா காய்ச்சல் என்பார்கள். எல்லாமே அங்கே உண்டு. எபோலா மட்டும் அந்த நாட்டில் அதுவரை கண்டறியப்பட்டதில்லை. 2013 டிசம்பரில் மெலியாண்டு கிராமத்தில் ஒரு சின்னக் குழந்தை இறந்தது. ரத்த மாதிரி பிரான்சுக்குப் போய் எபோலா என்று உறுதியானது 2014 மார்ச்சில். அதற்குள் வைரஸ் எல்லை தாண்டும் பாதைகளெல்லாம் நடந்து பழகிவிட்டது. கடைசிக் கணக்கில் 28,600க்கு மேல் நோயாளிகள், 11,300க்கு மேல் சாவு.

அதே வருடம் ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் விமானத்திலிருந்து இறங்கிய ஒருவருக்கும் முதலில் மலேரியா என்றுதான் வைத்தியம் நடந்தது. அமேயோ அடாடேவோ என்ற பெண் மருத்துவர் எபோலாவோ என்று சந்தேகப்பட்டார். அனுப்பிவிடச் சொல்லி நெருக்கடி வந்தும் நோயாளியை வெளியே விடவில்லை. அந்த அம்மாள் ஆகஸ்டில் அதே நோயில் இறந்துபோனார். நைஜீரியாவில் போலியோ ஒழிப்புக்கென்று ஏற்கெனவே ஆளும் அலுவலகமும் இருந்தன. அவர்களை அப்படியே இதற்குத் திருப்பினார்கள். நோயாளிகளோடு பழகிய 900 பேர் வரை பட்டியல் போட்டு, ஆளுக்கு 21 நாள், வாசலில் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். சுமார் 18,500 முறை கதவு தட்டியிருக்கிறார்கள். இருபது பேரோடு நோய் நின்றது. அதில் எட்டுப் பேர் இறந்தார்கள். இரண்டு கோடிப் பேர் நெருக்கியடிக்கும் ஊரில்!

கினியில் கருவி இல்லை, ஆய்வகம் இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நாலு சாவு என்றால் அதை ஊரே பார்த்திருக்கும். அந்தச் சேதி மேலே ஏற ஒரு தாள்கூட இல்லாததுதான் என் போன்றவனை உறுத்துகிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் குரங்கு செத்துக் கிடந்தது. புதைத்துவிட்டோம். யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டுமா? (வாசகர், கூடலூர்)

பதில்: கட்டாயம். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் முதலில் குரங்குகள் கொத்தாகச் செத்தன, பிறகு மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது. காட்டின் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. குரங்கு செத்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் உதிர்ந்து வேறு உடம்பைத் தேடும். அடுத்த தடவை கிட்டே போகாதீர்கள். வனத்துறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போன் போடுங்கள். புதைத்தவருக்கு ஒரு பத்து நாளுக்குள் காய்ச்சலோ கடுமையான தலைவலியோ கண்டால், டாக்டரிடம் முதல் வார்த்தையாகக் குரங்கைச் சொல்லச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.