கஞ்சாவை விட்டும் மறதி போகவில்லை: மகனின் மூளை மீளுமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. பிளஸ் ஒன் படிக்கும்போது ஹாஸ்டலில் ஆரம்பித்த கஞ்சாப் பழக்கம், கல்லூரிக்குப் போனதும் தினசரிப் பழக்கமாகிவிட்டது. எங்களுக்குச் சமீபத்தில்தான் தெரியவந்தது. மூன்று வாரமாகத் தொடவில்லை என்கிறான். ஆனால் தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், படித்தது மனதில் நிற்கவில்லை என்று அழுகிறான். மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? ஸ்கேன் எடுக்கலாமா? ஞாபகசக்திக்கு மாத்திரை உண்டா?

பதில்: அம்மா, மூன்று வாரத்தை வைத்து உங்கள் மகனின் மூளையைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. தினமும் புகைத்தவர் சட்டென்று நிறுத்தினால் எரிச்சலும், தூக்கமின்மையும், பசியின்மையும் வரும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரங்களில் தணியும். தூக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள் இழுத்தடிக்கும். கெட்ட கனவுகளும் வரலாம். இவையெல்லாம் மூளை கெட்டதற்கான அடையாளங்கள் அல்ல. உண்மையாகவே நிறுத்தியிருக்கிறார் என்பதற்குத்தான் பெரும்பாலும் அடையாளம்.

மறதிக்கு வருவோம். கஞ்சாவில் போதை தருவது டிஹெச்சி என்ற பொருள். மூளை தானாகவே சுரக்கும் சில வேதிப்பொருட்களுக்கென்று இருக்கும் சிபி-1 ஏற்பிகளில் (நரம்பணுக்களின் மேல் பூட்டுபோல இருக்கும் இடங்களில்) அது போய் ஒட்டிக்கொள்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் தினசரி புகைத்தவர்களைச் சிறப்பு ஸ்கேன் மூலம் பரிசோதித்து 2012-இல் வெளியான ஆய்வில், சுமார் நான்கு வாரம் நிறுத்திய பிறகு, குறைந்திருந்த பகுதிகளில் பெரும்பாலானவற்றில் ஏற்பிகள் மீண்டுவந்தது தெரிந்தது. 2018-இல் இன்னொரு ஆய்வு வந்தது. 16 முதல் 25 வயது வரையிலானவர்கள் ஒரு மாதம் நிறுத்தியபோது, புதிய சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் மேம்பட்டது. அதுவும் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே. ஆனால் கவனக்குவிப்பு அந்த ஒரு மாதத்தில் முன்னேறவில்லை. உங்கள் மகன் 'படித்தது நிற்கவில்லை' என்று சொல்வதில் பாதி மறதியாகவும் பாதி கவனச்சிதறலாகவும் இருக்கலாம்.

அப்படியானால் கவலையே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, திட்டமிடவும் ஆசையை அடக்கவும் தேவையான பகுதி. அது 25 வயதை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். வளரிளம் பருவத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் கஞ்சாவுக்கு அடிமையாகவே இருந்தவர்களின் ஐ.க்யூ. 38 வயதுக்குள் சராசரியாக 8 புள்ளிகள் வரை குறைந்திருந்தது. பிற்காலத்தில் விட்டவர்களும் முழுமையாக மீளவில்லை. இதை 2012-இல் வெளியிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, இரட்டையர்களை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், புகைத்த இரட்டையருக்கும் புகைக்காத இரட்டையருக்கும் ஐ.க்யூ. சரிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது குடும்பச் சூழல், படிப்பைக் கைவிடுதல் போன்றவற்றின் பங்கும் சரிவில் இருக்கலாம். விவாதம் முடியவில்லை. எத்தனை வருடம் நீடிக்கிறது என்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து. மூன்று ஆண்டுகளோடு 19 வயதில் விட்டவரை, 38 வயதுவரை விடாதவரோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை. ஸ்வீடனில் 1969-70-இல் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் கவனித்தார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு. மற்ற காரணங்களைக் கழித்தபோது இந்த மடங்கு குறைந்தது, ஆனால் மறையவில்லை. அவர்களிலும் பெரும்பாலானோருக்கு நோய் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் தாத்தா, சித்தப்பா, மாமா என்று இருபக்க உறவிலும் யாருக்காவது மனச்சிதைவு இருந்ததா என்று யோசியுங்கள். யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், போனில் யாரோ கண்காணிக்கிறார்கள் என்றெல்லாம் மகன் சொன்னால், 'போதை இறங்கினால் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஸ்கேன் தேவையில்லை. ஆய்வுகள் சொல்லும் வித்தியாசங்கள் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் தெரிபவை. ஒருவரின் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து, இது கஞ்சாவால் வந்தது என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மகனிடம் கோபமில்லாமல் கேளுங்கள்: ஒயிட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் எதையாவது முகர்ந்ததுண்டா? வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டதுண்டா? முகரும் பொருட்களில் உள்ள டொலுவீன் மூளையின் வெண்பகுதியை, அதாவது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளை, நேரடியாகச் சிதைக்கும். அது ஸ்கேனிலும் தெரியும். ஊசி என்றால் ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளும் வேண்டும்.

ஸ்கேனைவிடப் பயன்படுவது நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் நினைவுச் சோதனை. குடை, ஆறு, தச்சர், வாழைப்பழம் என்று 15 சொற்களை நிதானமாக வாசிப்போம். உடனே எத்தனை திரும்ப வருகிறது, வேறு வேலை கொடுத்துவிட்டு அரை மணி கழித்துக் கேட்டால் எத்தனை மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்வோம். பிறகு எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வோம். இப்போது ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து வேறு சொற்களோடு ஒரு தடவை. தன் மதிப்பெண் ஏறியிருப்பதைப் பையன் கண்ணால் பார்ப்பது பல அறிவுரைகளுக்கு மேல்.

ஞாபகசக்தி மாத்திரை, மூளை டானிக் எதுவும் இதற்குப் பலன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஆனால் மகனுக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. பல பிள்ளைகள் தூக்கம் வராமலும் பயம் தாங்காமலும்தான் கஞ்சாவைப் பிடிக்கிறார்கள். அதைச் சரிசெய்யாவிட்டால் பழையபடி அங்கேயே போவார்கள்.

வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்கிறீர்களா? டிஹெச்சி கொழுப்பில் தங்கும். தினமும் புகைத்தவருக்கு நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகும் பாசிட்டிவ் வரலாம். அதை வைத்து 'பொய் சொல்கிறாய்' என்று சண்டை போட்டுவிடாதீர்கள்.

போலீஸ் வழக்காகிவிடுமோ என்ற பயத்தில் பல குடும்பங்கள் மருத்துவமனைக்கே வருவதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறும் போதை அடிமைக்கு, சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்கிலிருந்து நிபந்தனைகளோடு விலக்கு அளிக்க 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416 டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14446 போதை மீட்பு உதவி எண். இந்த செமஸ்டரில் ஒன்றிரண்டு அரியர் விழுந்தால் விழட்டும், அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று மகனிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.