லினக்ஸுக்கு மாறிய கடைக் கணினியில் மென்பொருள் தேடும் முறை

தக்கலை அருகே ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “விண்டோஸ் 10-க்கு இனி பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது என்பதால், எங்கள் பழைய கணினியில் என் தம்பி லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தான். வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயில் கொடை நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் ஆகியவற்றை வடிவமைக்கும் மென்பொருள்களை இணையத்தில் தேடி இறக்கினால் எதுவும் திறப்பதில்லை. வேண்டியவற்றை எங்கே தேடுவது?”

நீங்கள் இறக்கியவை ‘எக்ஸ்இ’ என்று முடியும் கோப்புகளாக இருக்கும். அவை விண்டோஸுக்காகவே செய்யப்பட்டவை. கணினியில் பழுது எதுவும் இல்லை. அவற்றை அழித்துவிடுங்கள். லினக்ஸில் மென்பொருளை ஒவ்வொரு வலைத்தளமாகப் போய்த் தேடி எடுக்கும் வழக்கம் குறைவு. இயங்குதளத்தை வழங்குவோரே ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்து, மின்னொப்பமிட்டு, ஒரு களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள். மின்ட், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் களஞ்சியத்தைப் பயன்படுத்துகிறது. உபுண்டுவோ 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸிலிருந்து பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. மெனுவில் உள்ள ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’தான் அதற்கு வாசல். அங்கிருந்து நிறுவியவை எல்லாவற்றுக்கும் புதுப்பிப்பு ஒரே இடத்தில் வந்து சேரும். போலிப் பதிவிறக்கப் பக்கங்களில் சிக்கும் ஆபத்தும் பெரிதும் குறையும். ஆகவே முதலில் அங்கே தேடுங்கள், கிடைக்காவிட்டால் மட்டும் வெளியே போங்கள்.

தேடும்போது பழைய மென்பொருளின் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். கடையில் ஒரு நாள் முழுவதும் என்னென்ன வேலை வருகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த வேலையின் பெயரால் தேடுங்கள். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், கோரல்டிரா வகை வேலைக்கு இங்க்ஸ்கேப், பாஸ்போர்ட் படத்தைத் திருத்த ஜிம்ப் ஆகியவை கிடைக்கும். கடிதம், பயோடேட்டா, கணக்குத் தாள் ஆகியவற்றுக்கான லிபர்ஆஃபிஸ் மின்ட்டுடனேயே வந்திருக்கும். ஒரு பக்க நோட்டீஸுக்கு ஸ்கிரைபஸை விட இங்க்ஸ்கேப் கைக்கு எளிது என்பது என் கருத்து. பல பக்க மலர் வந்தால் ஸ்கிரைபஸுக்குப் போகலாம். களியக்காவிளைக்கு அப்பால் கேரளப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில்தான் பிள்ளைகள் ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் படிக்கிறார்கள். அங்கே உறவினர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை.

சில மென்பொருள்களின் பக்கத்தில் ‘சிஸ்டம் பேக்கேஜ்’, ‘ஃபிளாட்பேக்’ என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். முதலாவது அளவில் சிறியது, பதிப்பு சற்றுப் பழையதாக இருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் புதியது. ஆனால் முதன்முறை நிறுவும்போது துணைக் கோப்புகளும் சேர்ந்து சில நூறு எம்பி இறங்கும். 2024-இல் வந்த மின்ட் 22 முதல், சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகள் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. அந்த அமைப்பை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

தமிழில் வேலை செய்யும் கடைக்கு இன்னொரு சோதனை அவசியம். எந்த மென்பொருளை நிறுவினாலும் ‘கொடை’ என்று தட்டிப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு ‘க’வுக்கு முன்னும், ஐகாரக் குறி ‘ட’வுக்கு முன்னும் ஒழுங்காக நிற்க வேண்டும். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசை இதில் தடுமாறும், 1.6 சரியாகக் கோக்கும். தட்டச்சுக்கு ‘ஐபஸ்’ என்ற உள்ளீட்டுக் கருவியையும், அதற்கான ‘எம்17என்’ தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை முறை கிடைக்கும். விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்99 இருக்கிறது, ஆனால் புள்ளி தானாக விழும் வசதி அதில் இல்லாததால் ஐபஸையே பரிந்துரைக்கிறேன்.

பழைய கோப்புகளில்தான் நீங்கள் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். பாமினி போன்ற ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துருக் கோப்பை இங்கேயும் நிறுவும் வரை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே தெரியும். பேஜ்மேக்கர், கோரல்டிரா கோப்புகளை லிபர்ஆஃபிஸ் டிரா திறக்க முயலும். வரிகள் இடம் பெயரலாம், கோரலின் மிகப் புதிய பதிப்பில் சேமித்தவை திறக்காமலும் போகலாம். ஆகையால் விண்டோஸ் உள்ள கணினி ஒன்று எங்காவது கிடைக்கும்போதே, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வடிவமைப்புகளைப் பிடிஎஃப்பாகவும், கோரலில் செய்தவற்றை இங்க்ஸ்கேப்பில் திறக்கக்கூடிய எஸ்விஜியாகவும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

களஞ்சியத்தில் இல்லாதது தேவைப்பட்டால், அதைத் தயாரித்தவரின் சொந்தத் தளத்தில் மின்ட்டில் நிறுவக்கூடிய ‘டெப்’ கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் மென்பொருளை இயக்க உதவும் ‘வைன்’ கடைசி வழி. அதில் சிறு கருவிகள் ஓடலாம், ஆனால் டாலி போன்ற கணக்கு மென்பொருளை அதை நம்பி ஓட்டுவதை நான் விரும்பவில்லை. கேனன் எல்பிபி 2900 போன்ற பிரிண்டருக்குத் தனி டிரைவர் தேவை. அத்தகைய பிரிண்டரோ ஆதாருக்கான கைரேகைக் கருவியோ உங்கள் கடையில் இருந்தால், முதலில் அவற்றை இணைத்துச் சோதியுங்கள். அவை வேலை செய்யாவிட்டால், அந்த வேலைக்கு மட்டும் புதுப்பிப்பு வருகிற விண்டோஸ் கணினி ஒன்றை ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் மின்ட்டிலேயே தொடரலாம்.