ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவில் அன்டோரா செல்லலாமா?

ஷெங்கன் விசா என்பது, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதிக்கான பொது விசா. பார்சிலோனாவிலிருந்து, ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள சிறு நாடான அன்டோராவுக்குச் சென்று மீண்டும் ஸ்பெயினுக்குத் திரும்ப, ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா போதாது. இரட்டை அல்லது பன்முறை நுழைவு விசா தேவை.

அன்டோரா தனியாக விசா கேட்பதில்லை என்பது சரிதான். ஆனால் அந்நாடு ஷெங்கன் பகுதியில் இல்லை. விமான நிலையமும் இல்லாததால் ஸ்பெயின் அல்லது பிரான்ஸ் வழியாகவே போய்வர வேண்டியிருக்கிறது. எல்லையைத் தாண்டியதும் உங்களுக்குரிய ஒரே நுழைவு முடிந்துவிடுவதால், திரும்புவது இரண்டாம் நுழைவாகக் கணக்கிடப்படும்.

கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 01 என்றிருந்தால் இந்தப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். பன்முறை நுழைவைக் குறிக்கும் ‘மல்ட்’ (MULT) என்றிருந்தாலோ, 02 என்றிருந்து ஒன்றை மட்டுமே பயன்படுத்தியிருந்தாலோ செல்லலாம்.

எல்லையில் எல்லாரையும் சோதிப்பதில்லை என்று சிலர் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். திரும்பும்போது தடுக்கப்பட்டால், ஊருக்கு வரும் விமானத்தையும் தவறவிட நேரும்.