செதுக்கி முடித்த மரத்துக்கு வண்ணம் வேண்டுமா? கேள்வி பதில்

பெங்களூருவில் உளி பிடிக்கும் தமிழ் நண்பர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, தேக்குல ஒரு அடிப் பிள்ளையார் முடிச்சுட்டேன். வீட்ல “வெறும் மரமா இருக்கே, கலர் அடி”ன்னு சொல்றாங்க. அடிக்கலாமா? (அல்சூர்)

அவசரம் வேண்டாம் தம்பி. ராத்திரி மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். தும்பிக்கை மடிப்பும் வயிற்று வளைவும் நிழலிலேயே தெரிந்தால் வண்ணத்துக்கு அங்கே வேலை இல்லை.

வீட்டில் ‘வெறும் மரம்’ என்று படுவது பெரும்பாலும் உப்புத்தாள் தேய்த்த பிறகு வரும் வெளிறிய தோற்றம்தான். பீடத்தின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காட்டுங்கள். ஈரத்தில் எழும் அந்த நிறம்தான், எண்ணெயோ வார்னிஷோ போட்டால் ஏறக்குறைய நிற்கப்போகிற நிறம். அதைப் பார்த்த பிறகும் கலர்தான் வேண்டும் என்றால் பேசலாம்.

அப்படி அடிப்பதானால், தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பெயிண்ட் சரியாகப் பிடிக்காமல் உரியும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் பூச்சு கொடுங்கள். பலகையென்றால் பிடிக்காதபோது இழைத்து எடுத்துவிடலாம். விரல் இடுக்கிலும் காதுமடலுக்குள்ளும் இறங்கிய சாயத்தை எடுக்க, அந்த இடத்தைத் திரும்பச் செதுக்கத்தான் வேண்டும்.

குமிழ மரத்துல கிளையில உக்காந்திருக்கிற கிளி செஞ்சேன். கிளி, இலை எல்லாம் ஒண்ணா கலந்து தெரியுது. (ஒயிட்ஃபீல்ட்)

உங்களுக்கு வண்ணம் வேண்டும் அம்மா, தயங்காதீர்கள். குமிழ் வெளிர் மரம், ரேகையும் மங்கல். மறைந்துபோக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன உருவத்தில் இலைக்கும் இறகுக்கும் நடுவே ஆழமாக வெட்டவும் இடம் இருந்திருக்காது. உளியால் பிரிக்க முடியாததைத் தூரிகை பிரிக்கட்டும்.

ஆனால் முழுக்க மெழுகிவிடாதீர்கள். அக்ரிலிக்கில் நிறையத் தண்ணீர் விட்டு, அடியில் மரம் தெரிகிற அளவுக்குக் கிளிக்கும் மூக்குக்கும் மட்டும் கொடுங்கள். கிளையும் இலையும் மரமாகவே இருக்கட்டும்.

திட்டுத்திட்டாக வரும் என்று பலருக்குப் பயம். காரணம் இதுதான்: செதுக்கும்போது சில இடங்களில் நாரின் பக்கவாட்டும், சில இடங்களில் நாரின் வெட்டுமுனையும் வெளியே வருகின்றன. வெட்டுமுனை என்பது உறிஞ்சுகுழாய்க் கட்டின் வாய் மாதிரி, நிறத்தை உள்ளே இழுத்துக் கறுத்துப்போகும். உங்கள் கிளியில் நார் மேல்கீழாக ஓடினால் உச்சந்தலையும் தோளும்தான் அந்த இடங்கள். ஸ்பிரிட்டில் மிக நீர்க்கக் கரைத்த அரக்கு பாலிஷை முதலில் ஒரு கை பூசி, காய்ந்ததும் பழைய உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு வண்ணம் போடுங்கள். செதுக்கும்போது விழுந்த துண்டு ஒன்றில் இதை முதலில் செய்து பாருங்கள். வேறு மரத்துண்டு உதவாது.

சன்னபட்டணா பொம்மை மாதிரி பளபளன்னு வரணும். என்ன பெயிண்ட் அது? (கெங்கேரி)

பெயிண்டே இல்லை. ஹாலெ மரத்தை, அதாவது நம் வெப்பாலையை, கடைசலில் சுழலவிட்டு, நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தினால் அந்தப் பளபளப்பு வரும். உருப்படி சுழன்றால்தான் இது நடக்கும். செதுக்கிய யானையில் முடியாது, அதன் வண்டிச் சக்கரத்தில் முடியும். மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர்தான், ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

சந்தனக் கட்டையில் சின்னக் கிருஷ்ணன்?

வேண்டவே வேண்டாம். வார்னிஷும் கூடாது, மணம் அடைபட்டுவிடும்.

கோயில் வாகனமெல்லாம் கலர்தானே? நாம மட்டும் ஏன் யோசிக்கணும்? (ஸ்ரீராமபுரம்)

நல்ல கேள்வி. வாகனம் பல துண்டுகளை இணைத்துச் செய்வது, பூச்சு அந்த மூட்டுகளை மறைக்கிறது. ராத்திரிப் புறப்பாட்டில், கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கும் சிங்கத்தின் கண் தெரிய வேண்டும். உங்கள் சிங்கம் ஹாலில் இரண்டு அடி தூரத்தில் இருக்கப்போகிறது. பெரம்பலூர் பக்கம் அரும்பாவூரில் ஒரே கட்டையில் செதுக்குகிறார்கள். அந்த வேலையை மூடிவிட யாருக்கு மனசு வரும்?

வார்னிஷ் அடிச்சாச்சு. இப்ப கலர் வேணும்னு தோணுது. (ஹெப்பால்)

ஊறுகிற சாயம் இனி உள்ளே இறங்காது. மேலே உட்காருகிற பூச்சுதான் வழி. பளபளப்பு போகும்வரை மெல்லத் தேய்த்து, அடர் பழுப்புப் பூச்சை எங்கும் தடவி, காய்வதற்குள் மேடுகளிலிருந்து மட்டும் துணியால் துடைத்து எடுங்கள். பள்ளங்களில் தங்குவது செதுக்கலை எடுத்துக்காட்டும். பலருக்கு இதுவே போதும் என்று ஆகிவிடுகிறது.

பாட்டியோட மரப்பாச்சி ஜோடி கறுத்துப்போச்சு. கொலுவுக்கு முன்னாடி பெயிண்ட் பண்ணலாமா? (பனசங்கரி)

செம்மரமாக இருந்தால் கறுப்பது அதன் இயல்பு, விட்டுவிடுங்கள். மரப்பாச்சிக்கு நிறம் தருவது புடவையும் வேட்டியும்தானே! பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் பட்டத கொம்பே என்று இதே ஜோடியைத்தான் பட்டு கட்டி வைப்பார்கள். தேங்காயெண்ணெய் மட்டும் தடவாதீர்கள். அது காயாது, தூசியைப் பிடித்துக்கொள்ளும். தேன்மெழுகு துளி போதும்.

எண்ணெய் மட்டும் போட முடிவு பண்ணிட்டேன். மழைக்காலத்துல சரியா வருமா?

வரும், காய்வதற்குத்தான் நாள் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி கழித்து மீதியைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருண்ட துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.