வாசகர் கேள்வி: முழுதாகக் கேட்கத்தக்க ஆல்பங்கள்

கேள்வி: 2020-க்குப் பிறகு வெளிவந்த இசை ஆல்பங்களில், ஓரிரு பாடல்களுக்காக அல்லாமல் முழுதாகக் கேட்கத்தக்கவை எவை?

பதில்: தயக்கமின்றி முதலில் நான் சொல்வது, மின்னிசைக் கலைஞர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸும் சாக்சஃபோன் மேதை ஃபாரோ சாண்டர்ஸும் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ‘பிராமிசஸ்’. ஒன்பது பகுதிகளாக, ஏறத்தாழ 46 நிமிடங்கள் ஓடும் இந்த ஆல்பத்தில், சில சுரங்களே கொண்ட ஒரு சிறு கோவை திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மீது எண்பது வயதுக் கலைஞரின் சாக்சஃபோன் மெல்லப் படர்கிறது; ஓரிடத்தில் அவர் வாத்தியத்தை விட்டுச் சொற்களற்ற குரலாலேயே முணுமுணுக்கிறார். சாண்டர்ஸ் 2022-இல் காலமானார். இந்த ஆல்பத்தைத் துண்டு துண்டாகக் கேட்பவர் அதன் நிதானத்தைத் தவறவிட்டுவிடுவார். வேறு வேலை செய்துகொண்டே கேட்பதும் வீண்தான்.

அடுத்தது பாகிஸ்தானிய-அமெரிக்கப் பாடகி அரூஜ் ஆஃப்தாபின் ‘வல்ச்சர் பிரின்ஸ்’ (2021). மறைந்த தம்பிக்கு அவர் காணிக்கையாக்கிய இத்தொகுப்பில் உருது கஜல் மரபும் ஹார்ப்பின் நரம்பொலியும் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கின்றன. இதன் ‘மொஹப்பத்’ பாடல் 2022-இல் கிராமி விருது பெற்றது. விருதைவிட, துயரத்தை உரத்துச் சொல்லாத அக்குரலின் அடக்கமே என்னை ஈர்த்தது.

அமெரிக்கப் பாடகி ஃபியோனா ஆப்பிளின் ‘ஃபெட்ச் த போல்ட் கட்டர்ஸ்’ (2020) இதற்கு நேர்மாறானது. பெரும்பகுதி அவருடைய வீட்டிலேயே பதிவான அதில் நாய் குரைப்பதுகூடத் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது. முதல் முறை கேட்கையில் எரிச்சலூட்டலாம்.